நிலத்தில் நிற்கும் சரக்குப் பெட்டகத்தைப் பருவந்தோறும் பராமரிக்கும் முறை

கப்பலில் ஓடித் தேய்ந்த சரக்குப் பெட்டகங்கள், அதாவது நாம் கன்டெய்னர் என்று அழைக்கும் இரும்புப் பெட்டிகள், சென்னை, எண்ணூர், தூத்துக்குடி துறைமுகங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் கிடங்காகவும், கட்டுமான இடங்களில் அலுவலகமாகவும், வலைகளும் இயந்திர உதிரிகளும் வைக்கும் அறையாகவும், சாலையோரக் கடையாகவும் நிற்கின்றன. கடலில் ஓடும் வரை ஒரு பெட்டகத்தைப் பார்த்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. 1972இல் ஜெனீவாவில் கையெழுத்தாகி 1977இல் நடைமுறைக்கு வந்த பெட்டகப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, பெட்டகம் செய்யப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் முதல் ஆய்வும், அதன் பிறகு 30 மாதங்களுக்கு ஒருமுறை மறு ஆய்வும் நடக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான தொடர் ஆய்வு முறையை உரிமையாளர் பின்பற்ற வேண்டும். கிரேன் அதே பெட்டியை நம் நிலத்தில் இறக்கி வைத்த நாளோடு அந்தக் கட்டாயம் நீங்கிவிடுகிறது. அதன் பிறகு அதைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு அதன் உரிமையாளரைத் தவிர வேறு எவரும் இல்லை.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. பெட்டகம் ஒழுகுகிறது என்று பெரும்பாலோர் கண்டுபிடிப்பதும், அவசர அவசரமாகத் தார்ப்பாய் வாங்கிப் போர்த்துவதும் அந்த மாதங்களில்தான். ஆனால் ஈரமான இரும்பில் வண்ணமும் பிடிக்காது, ஒட்டுப்பசையும் பிடிக்காது. கொட்டும் மழையில் வெல்டிங்கும் செய்ய முடியாது. ஆகவே பராமரிப்பு ஆண்டு தை மாதத்தில் தொடங்கிப் புரட்டாசியில் முடிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மழை மாதங்களில் செய்வதற்கு உள் ஈரத்தைக் கவனிக்கும் வேலை ஒன்றுதான் மிச்சமிருக்க வேண்டும்.

பெட்டியின் அமைப்பு

இருபதடிப் பெட்டகம் வெளியளவில் 6.06 மீட்டர் நீளமும் 2.44 மீட்டர் அகலமும் 2.59 மீட்டர் உயரமும் கொண்டது. வெறும் பெட்டியின் எடை 2,200 கிலோவை ஒட்டியிருக்கும். பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரின் தகடு 1.6 முதல் 2 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. கூரைத் தகடும் 2 மில்லிமீட்டர்தான். பெட்டியின் வலிமை முழுவதும் நான்கு மூலைத் தூண்களிலும், மேலும் கீழுமாக உள்ள எட்டு மூலை வார்ப்புகளிலும் (தூக்கவும் பூட்டவும் துளைகள் விட்டு வார்த்த இரும்புக் கட்டிகள்), அவற்றை இணைக்கும் சட்டங்களிலும் இருக்கிறது. தரை 28 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளைவுட். அதைக் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்கள் தாங்குகின்றன.

இந்தத் தகடு பெரும்பாலும் கார்ட்டன் எனப்படும் இரும்பு வகையைச் சேர்ந்தது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் ஆகியவை சிறிதளவு கலந்திருப்பதால் முதலில் படியும் துருவே கெட்டியான மேற்படலமாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும் என்பது இதன் சிறப்பு. நனைந்து, முழுதாக உலர்ந்து, மீண்டும் நனையும் இடங்களில்தான் அந்தப் படலம் கெட்டிப்படும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு படிந்துகொண்டே இருக்கும் இடத்திலும், தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்திலும் படலம் நிலைக்காமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடுகிறது. துருப்பிடிக்காத இரும்பு என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வண்ணம் பூசாமல் விட்ட பெட்டிகள் கடற்கரை ஊர்களில் விரைவில் ஓட்டையாவதற்கு இதுவே காரணம்.

தை, மாசி: மழை விட்ட பிறகு பார்வையிடுதல்

மழைக்காலத்தின் சேதம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் காலம் இது. நல்ல வெயிலுள்ள ஒரு காலை வேளையில், உள்ளிருப்பவற்றை இயன்றவரை நகர்த்திவிட்டு ஒருவர் உள்ளே நிற்க, மற்றொருவர் வெளியிலிருந்து கதவுகளைச் சாத்தட்டும். பெட்டகத்தின் கதவை உள்ளிருந்து திறப்பதற்குக் கைப்பிடி கிடையாது என்பதால், வெளியே இருப்பவர் தாழ்க் கம்பிகளைப் பூட்டவும் கூடாது, அந்த இடத்தை விட்டு நகரவும் கூடாது. கண் இருட்டுக்குப் பழகியதும், ஊசி முனையளவு ஓட்டைகூட ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றையும் சாக்கட்டியால் வட்டமிட்டு, கதவிலிருந்து எத்தனையாவது மடிப்பில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டால், வெளியே போய் அதே இடத்தைத் தேடுவது எளிதாகும். கதவின் ரப்பர் விளிம்பைச் சுற்றி ஒளிக்கோடு தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னலுக்கும் ஏ.சி.க்கும் மின்கம்பிக்கும் நாமே வெட்டிய துளைகள் இருந்தால் அவற்றின் மேல் விளிம்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். தொழிற்சாலையில் மடித்துப் பற்றவைத்த கூரை பல ஆண்டுகள் ஒழுகாமல் இருக்க, பிற்காலத்தில் வெட்டிய ஒரு ஜன்னலின் தலைமாட்டில் தண்ணீர் இறங்குவதே பெரும்பாலும் நடப்பது.

அடுத்து கூரை. ஏணியைப் பக்கத் தகட்டில் சாய்க்காமல் மேல் சட்டத்தில் சாய்த்து ஏற வேண்டும். புதிய பெட்டகத்தின் கூரை 600 மில்லிமீட்டருக்கு 300 மில்லிமீட்டர் பரப்பில் 300 கிலோ எடையைத் தாங்கும் வகையில் சோதிக்கப்படுகிறது. ஆகவே நல்ல கூரையில் ஒருவர் நடக்கலாம். ஆனால் உள்ளிருந்து பார்க்கும்போது செம்பழுப்பாகத் தெரிந்த இடத்தில் காலை வைக்கக் கூடாது. கிரேன் இடித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, வேப்பிலையும் புங்க இலையும் மட்கிக் கறுப்புச் சேறாகக் கிடக்கும். அந்தச் சேறு வெயில் அடித்தாலும் உலராமல் கூரையை நாட்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். அதை வாரி எடுத்துவிட்டு, பள்ளத்துக்கு நேர் கீழே உள்ளே ஒரு மரத்தூணை நிறுத்தி, தூணின் தலையில் அகலமான பலகை வைத்து, ஜாக்கியால் மெதுவாக உயர்த்தினால் ஆழமில்லாத பள்ளம் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராகத் தகட்டில் வைத்தால் பள்ளம் போய்க் கூம்பு வரும்.

பெட்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு பெட்டகத்தின் ஆயுளை முடிவு செய்வது அந்த இடமே. டார்ச் விளக்குடன் குறுக்குச் சட்டங்களைப் பார்த்து, சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று ஒலித்துப் பொருக்கைக் கொட்டும். புல்லும் மண்மேடும் சட்டத்தைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருந்தால் வெட்டி அகற்றுங்கள். பெட்டி தரையிலேயே படிந்து உட்கார்ந்திருந்தால், இந்தப் பருவத்திலேயே கிரேன் வைத்துத் தூக்கி, நான்கு மூலைகளிலும் ஓரடி உயரக் கான்கிரீட் கட்டைகள் போட்டு, அடியில் ஜல்லி பரப்பி இறக்கிவிட வேண்டும். இந்த ஒரு செலவு, பின்னால் வரக்கூடிய பல செலவுகளைத் தவிர்த்துவிடும்.

தரைப்பலகை செய்யப்படும்போதே கரையானும் வண்டும் அரிக்காதபடி மருந்து ஊட்டப்பட்டிருக்கும். அந்த விவரம் கதவில் அறைந்திருக்கும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனால் நெல், பருப்பு, கால்நடைத் தீவனம் போன்றவற்றை அந்தப் பலகையின் மேல் நேராகக் கொட்டி வைக்கக் கூடாது; பலகையைத் தேய்க்க நேர்ந்தால் முகமூடியும் கையுறையும் அணியாமல் தேய்க்கக் கூடாது. மருந்து ஊட்டிய பலகையைக் கரையான் எளிதில் தொடாது என்றாலும், நாம் உள்ளே அடுக்கிய மரச்சட்டங்களையும் அட்டைப் பெட்டிகளையும் தேடிக் கான்கிரீட் கட்டையின் மேல் மண்சுரங்கம் கட்டி ஏறும். கட்டைகளின் நாற்புறமும் ஒரு பார்வை போதும்.

பங்குனி: துரு நீக்கி வண்ணம் பூசுதல்

மாசி வரை விடியற்காலையில் பனி இறங்கி இரும்பு நனைந்திருக்கும்; சித்திரை பிறந்துவிட்டால் நண்பகலில் தகட்டில் கை வைக்க முடியாது. இடையில் வரும் பங்குனி மாதமே வண்ணப் பூச்சுக்குப் பொருத்தமானது. இரும்பின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வண்ணப் பூச்சுத் தொழிலின் அடிப்படை விதி. நடைமுறையில், பனி முற்றிலும் உலர்ந்த காலை 9 மணிக்கு நிழல் விழும் பக்கத்தில் தொடங்கி, வெயிலோடு சேர்ந்து நகராமல் நிழலோடு சேர்ந்து நகர்ந்தால் இந்த விதியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

வண்ணத்துக்கு முன் கழுவுதல். இந்த வேலை மிக எளிது. மிக அதிகமாகத் தவிர்க்கப்படுவதும் இதுவே. கடற்காற்றும், தூத்துக்குடி போன்ற இடங்களில் உப்பளத் தூசியும், தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவை உண்டாக்குகின்றன. அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணத்தைப் பூசினாலும், உப்பு வண்ணத்தின் ஊடாக ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பிவிடும். ஆகவே முதலில் பெட்டி முழுவதையும் நல்ல தண்ணீரால், இயன்றால் அழுத்தக் குழாயால், மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கடலோரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்புக் கரிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த நீரால் கழுவுவது உப்பை எடுத்து உப்பை வைப்பதாகும். சேமித்த மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் ஒரு லாரி நன்னீர் வாங்கிவிடலாம்.

கழுவி உலர்ந்ததும் துருப்பொருக்கைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ் பொருத்திய கிரைண்டரால் தேய்க்க வேண்டும். மடிப்புகளின் உள்மூலையிலும், கீழ்ச் சட்டத்தில் தகடு சந்திக்கும் கோட்டிலும், கதவுக் கீல்களின் பின்புறத்திலும் கிரைண்டர் நுழையாது. அங்கே கைப் பிரஷ்ஷும் உப்புத்தாளும்தான் கருவிகள். இறுக்கமாக ஒட்டிய பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அதன் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டால், புது வண்ணம் படியில்லாமல் அதன் மேல் ஏறும். பழைய பெட்டிகளின் வண்ணத்தில் ஈயமோ குரோமேட்டோ கலந்திருக்கக்கூடும் என்பதால், தேய்க்கும் தொழிலாளிக்குத் துணியைச் சுற்றிக்கொள்ளக் கொடுப்பது போதாது. துகள் வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் வாங்கித் தர வேண்டியது உரிமையாளரின் கடமை.

ஓட்டை இருந்தால், சுற்றியுள்ள நைந்த தகட்டைக் கெட்டியான இரும்பு வரும் வரை வெட்டி நீக்கி, மூலைகள் உருட்டப்பட்ட ஒட்டுத் தகட்டை வைத்துச் சுற்றிலும் இடைவெளியின்றிப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும்போது உள்ளே பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தரைப்பலகையில் தண்ணீர் தெளித்து, ஒருவர் வாளியுடன் உள்ளே நிற்க வேண்டும், ஏனென்றால் தகட்டின் மறுபுறம் உதிரும் பொறி வெளியிலிருந்து பற்றவைப்பவருக்குத் தெரியாது. சிலிக்கானைப் பிதுக்கி ஓட்டையை அடைப்பது ஒரு மழைக்குத் தாங்கலாம். ஆனால் அதன் மேல் வண்ணம் ஒட்டாது, அதன் அடியில் துரு மறைந்து வளரும். மூட்டுகளை அடைக்க வேண்டியிருந்தால், வண்ணம் பூசத்தக்க பாலியூரித்தேன் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தேய்த்த இரும்பை அன்றைக்கே ப்ரைமரால் மூடிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இரவுக் காற்றிலேயே அதன் மேல் இளஞ்சிவப்புத் துரு படர்ந்துவிடும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் ரெட் ஆக்சைடும் இரண்டு பூச்சு எனாமலும் போதும். கடல் தெரியும் தொலைவில் இருப்பவர்கள் துத்தநாகம் மிகுந்த எப்பாக்ஸி ப்ரைமர், அதன் மேல் எப்பாக்ஸி, வெளிப்புறத்தில் பாலியூரித்தேன் என்று மூன்று அடுக்குப் பூசுவதே முறை. எப்பாக்ஸி மட்டும் பூசி நிறுத்தினால், நம் வெயிலில் அது சுண்ணாம்பு போல் வெளுத்து உதிரத் தொடங்கும். பூசும் பரப்பைத் தட்டையாகக் கணக்கிட்டால் கூரையும் நாற்புறமும் சேர்த்து ஏறத்தாழ 59 சதுர மீட்டர் வரும். தகட்டின் மடிப்புகளையும் சேர்த்து 75 சதுர மீட்டருக்கு வண்ணம் வாங்குவது பாதுகாப்பானது. விளிம்புகளிலும் வெல்டிங் தடங்களிலும் வண்ணம் மெலிந்து விலகும் என்பதால், அந்த இடங்களுக்கு மட்டும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கூடுதல் பூச்சுக் கொடுத்துவிட்டுப் பிறகு முழுச் சுவரைப் பூசுங்கள்.

கூரைக்கு வெண்மையோ மிக வெளிர் நிறமோ பூசுவது நல்லது. இன்னும் ஒன்று: சுவரின் மேற்பகுதியில் உள்ள சிறு காற்றுத் துளைகளின் மேலும், கதவு ரப்பரின் மேலும் வண்ணம் பூசிவிடுவது பெயின்டர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். தொடங்குவதற்கு முன்பே அவற்றைக் காகிதப் பட்டை ஒட்டி மறைத்துவிடுங்கள். கதவில் அறைந்திருக்கும் பாதுகாப்பு உடன்படிக்கை உலோகத் தகட்டையும் அவ்வாறே மறைக்க வேண்டும். பெட்டி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் அதில்தான் இருக்கின்றன, பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அதையே.

சித்திரை, வைகாசி

கத்திரி வெயிலில் செய்ய வேண்டியது அதிகமில்லை. உள்ளே வேலை செய்பவர்கள் இருந்தால், நண்பகலில் மூடிய பெட்டிக்குள் யாரும் நுழையக் கூடாது என்பதை விதியாகவே வைக்க வேண்டும். வண்ண டப்பாக்கள், தின்னர், எரிவாயு உருளை, மின்கலம் ஆகியவற்றை இந்த இரண்டு மாதங்களுக்காவது வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். மேலே சற்று இடைவெளி விட்டு ஓலையோ தகரமோ வேய்ந்து நிழல் தருவது உள் வெப்பத்தை நன்றாகக் குறைக்கும்; ஆனால் ஐப்பசிக்குள் அதைக் கழற்றவோ இறுகக் கட்டவோ முடியும் என்றால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

ஆடி, ஆவணி: மட்டமும் கதவும்

கதவு இறுகிவிட்டது, தோளால் முட்டித் திறக்க வேண்டியிருக்கிறது என்ற குறை வந்தால், பெரும்பாலோர் கீலில் எண்ணெய் விடுகிறார்கள். பல நேரங்களில் குற்றம் கீலில் இருக்காது, கால்களில் இருக்கும். நான்கு மூலைகளில் ஒன்று தாழ்ந்தாலும் முகப்புச் சட்டம் சாய்சதுரமாகத் திரிந்து, ஒரு கதவு கீழிறங்கி மற்றொன்றோடு உரசும். கரிசல் மண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும் தன்மையுடையது என்பதால், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் நிற்கும் பெட்டிகளின் மட்டத்தை ஆடியில் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும்.

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் இதற்குப் போதும். நான்கு கீழ் மூலை வார்ப்புகளின் உயரத்தையும் ஒப்பிட்டபின், முகப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் வெளிமூலைகளிலிருந்து நாடாவால் அளந்து பாருங்கள். பன்னாட்டுத் தர அளவு அனுமதிக்கும் வேறுபாடு 10 மில்லிமீட்டர்தான். எந்தப் பக்கக் கதவு தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கத்து முன் மூலையை ஜாக்கியால் சிறிது தூக்கி இரும்புத் தகடுகளைச் சொருகி, ஒவ்வொரு தகட்டுக்கும் பிறகு கதவை மூடிப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மூலை வார்ப்புக்கு அடியில் வைக்க வேண்டும். பக்கச் சட்டத்தின் நடுவில் வைத்துத் தூக்கினால் சட்டம் வளையும். தூக்கிய நிலையில் உடலின் எந்தப் பகுதியும் பெட்டிக்கு அடியில் போகக் கூடாது.

மட்டம் சரியான பிறகுதான் கீலுக்கு வர வேண்டும். துருவைத் தளர்த்தும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு ஊறவிட்டு, கதவைச் சிறிது சிறிதாக ஆட்டி இளக்கி, பழைய அழுக்கைத் துடைத்துவிட்டுப் புதிய கிரீஸ் இட வேண்டும். தாழ்க் கம்பிகளின் பிடிவளையங்களுக்கும் மேல் கீழ்க் கொக்கிகளுக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் கிரீஸோ இன்ஜின் ஆயிலோ கதவு ரப்பரில் படவே கூடாது. பெட்டகக் கதவின் ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர் வகை, வெயிலையும் மழையையும் பல ஆண்டுகள் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, சிலிக்கான் தெளிப்பானோ டால்கம் பவுடரோ இட்டால் அது கதவோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். கிழிந்த ரப்பரைத் துண்டு வைத்து ஒட்டுவதைவிட, அந்தக் கதவுக்கு முழு நீளமும் மாற்றிவிடுவது நல்லது. மூலைகளில்தான் தண்ணீர் நுழைகிறது, துண்டு ஒட்டும் இடமும் பெரும்பாலும் மூலையாகவே அமைகிறது.

பெட்டிக்கு மின் இணைப்பு இருந்தால் நிலத்தொடர்பையும் (எர்த்) மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பானையும் ஆவணிக்குள் மின்பணியாளரைக் கொண்டு சோதித்துவிடுங்கள். சுற்றிலும் ஈரம், நடுவில் முழு இரும்பு அறை என்னும்போது, ஒரு கம்பியின் உறை கிழிந்தால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும்.

புரட்டாசி: புயலுக்கும் வெள்ளத்துக்கும் முன்னேற்பாடு

இரண்டு டன் இரும்பு எங்கே போய்விடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னைக்குக் குறிப்பிடும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 670 நியூட்டன். இருபதடிப் பெட்டியின் பக்கச் சுவர் 15.7 சதுர மீட்டர்; எதிர்ப்பக்கத்தில் ஏற்படும் உறிஞ்சலையும் சேர்த்தால் பெட்டியைத் தள்ளும் விசை சுமார் 1.4 டன். கான்கிரீட் கட்டை மேல் வெறுமனே நிற்கும் காலிப் பெட்டியின் உராய்வு ஒரு டன்னைக்கூட எதிர்க்காது. ஆகவே அது நகரும். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் தள்ளும் விசை 3 டன்னைத் தாண்டி, காலிப் பெட்டியைக் கவிழ்க்கவே போதுமானதாகிறது. 2011 டிசம்பர் 30இல் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12இல் சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பகுதியைச் சிதைத்த கஜா ஆகியவற்றைப் பார்த்த கரைக்கு இந்த எண்கள் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல.

எனவே புரட்டாசிக்குள் பெட்டியைத் தரையோடு பிணைக்க வேண்டும். அடித்தளக் கான்கிரீட்டில் பதித்த இரும்புத் தகட்டோடு கீழ் மூலை வார்ப்புகளைத் திருகுப் பூட்டால் (ட்விஸ்ட் லாக்) இணைப்பது சிறந்த முறை. ஏற்கெனவே கட்டைகள் மேல் நிற்கும் பெட்டிக்கு, நான்கு மூலைகளிலும் தனியாகக் குழி தோண்டிக் கான்கிரீட் நங்கூரம் புதைத்து, மேல் மூலை வார்ப்புகளிலிருந்து இரும்பு வடத்தைச் சாய்வாக இறக்கி, முறுக்கிகளால் (டர்ன்பக்கிள்) இறுக்கலாம். மேலிருந்து கட்டுவது கவிழ்வதைத் தடுக்கும்.  இயலாதவர்கள் குறைந்தபட்சம் கனமான பொருள்களைத் தரையில் பரப்பி வைத்துப் பெட்டியின் எடையையாவது கூட்ட வேண்டும்.

அன்றாடப் புழக்கத்தில் நான்கு தாழ்க் கம்பிகளில் ஒன்றை மட்டும் பூட்டுவது எல்லோருடைய வழக்கம். புயல் எச்சரிக்கை வந்த நாளில் நான்கையும் பூட்டுங்கள். கதவு ஒருமுறை காற்றில் பிய்ந்துவிட்டால் உள்ளே புகும் காற்று கூரையையும் சுவரையும் உள்ளிருந்து தள்ளத் தொடங்கும். மேலே வேய்ந்த நிழல் தகரத்தையும், கூரையில் போட்டு வைத்த குழாய், பலகை ஆகியவற்றையும் அதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும்.

வெள்ளத்தின் கணக்கு வேறு. இருபதடிப் பெட்டியின் அடிப்பரப்பு 14.8 சதுர மீட்டர். தரைப்பலகைக்கு மேல் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்று, உள்ளே புகாமலும் இருந்தால், 2,200 கிலோ எடையுள்ள காலிப் பெட்டி மிதக்கத் தொடங்கும். உள்ளே வைக்கும் ஒவ்வொரு டன் பொருளும் அந்த அளவை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் உயர்த்தும். ரப்பர் நன்றாக இருக்கும் பெட்டிக்கே இந்த ஆபத்து அதிகம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை நினைவில் கொண்டு, தாழ்வான நிலத்தில் இருப்பவர்கள் பிணைப்பைக் காற்றுக்காக மட்டுமன்றி நீருக்காகவும் போட வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: உள்ளே சேரும் ஈரம்

கூரையில் ஓட்டை எதுவும் இல்லாத பெட்டிக்குள்ளும் காலையில் நீர்த்துளிகள் சொட்டுவதைப் பலரும் ஒழுகல் என்று எண்ணிக் கூரையைத் திரும்பத் திரும்ப அடைக்கிறார்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவியைத் தாங்குகிறது. இருபதடிப் பெட்டியின் 33 கன மீட்டரில் அது 800 கிராம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தகட்டைத் தொட்டால் நீராகிவிடும். மேகமற்ற இரவில் கூரைத் தகடு வானத்துக்கு வெப்பத்தை இழந்து காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதால், மார்கழியில் இது அநேகமாக அன்றாட நிகழ்ச்சி.

ஆனால் காற்றிலுள்ள 800 கிராம் சிறிய பங்குதான். 15 சதவீத ஈரமுள்ள ஒரு டன் மரத்துக்குள் 130 கிலோ தண்ணீர் இருக்கிறது. பகல் வெப்பத்தில் அதன் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலே எட்டு ஒன்பது கிலோ நீராவி பெட்டிக்குள் கலக்கும். கோணிச் சாக்கு, அட்டைப் பெட்டி, நனைந்த வலை, ஈரமான செங்கல், முதல் நாள் மழையில் நனைந்த பேலட் எல்லாமே இப்படி நீர் விடுபவை. ஆகவே மழைக் காலத்தின் முதல் விதி, ஈரமான எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பதே. கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது, உள்ளே உலர்ந்த பொருள் மட்டும் இருக்கும்போது நன்கு உதவும். ஈரமரம் இருக்கும் பெட்டியில் அந்தப் பை நிரம்பி வழிவதற்கு மேல் எதையும் செய்யாது. பை நிரம்பியதும் உடனே மாற்றுங்கள், ஏனெனில் கசியும் உப்பு நீர் இரும்பை விரைவாக அரிக்கும்.

காற்றோட்டத்துக்கு என்று பெட்டியில் இருக்கும் சிறு துளைகள், உள் அழுத்தத்தையும் வெளி அழுத்தத்தையும் சமப்படுத்துவதற்குத்தான் போதும். அவற்றிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் குத்தி நீக்க வேண்டும். நிரந்தரமாக நிற்கும் பெட்டி என்றால், ஒரு பக்கத்தில் தாழ்வாகவும் எதிர்ப்பக்கத்தில் உயரமாகவும் மழைத் தடுப்புள்ள இரண்டு காற்றுவழிகளை அமைப்பது மிகவும் பயன் தரும். கதவைத் திறந்து காற்றாட விடுவதற்கும் நேரம் உண்டு: மழை ஓய்ந்து வெயில் வந்த நாளில் முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை திறக்கலாம். மழைத் தூறலிலோ மூடுபனிக் காலையிலோ திறந்தால் வெளியிலிருக்கும் ஈரத்தை நாமே உள்ளே அழைத்துக்கொள்கிறோம். பொருள்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும், பேலட் மேல் உயர்த்தியும், கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டும் அடுக்கினால், சொட்டும் நீர் சுவரோரமாக இறங்க வழி கிடைக்கும். பொருளை பாலித்தீன் தாளால் நாற்புறமும் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பூக்கும். மேலே மட்டும் குடை போல் விரித்துப் பக்கங்களைத் திறந்து விடுவதே சரி.

வெள்ளநீர் உள்ளே புகுந்துவிட்டால், வடிந்த அன்றே கதவுகளை முழுவதும் திறந்து, பொருள்களை வெளியேற்றி, சேறு காய்வதற்குள் நன்னீரால் கழுவுங்கள். பிறகு சுவரோரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு தரைப்பலகைகளின் திருகுகளைக் கழற்றித் தூக்கி வைத்தால், பலகைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் சிக்கிய நீர் உலரும். பலகையின் அடுக்குகள் பிரிந்து உப்பியிருந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். மின்விசிறி வைத்து ஓரிரு வாரம் உலர்த்தி, பலகையின் அடிப்பக்கத்தில் கைக்கு ஈரம் தெரிவது நிற்கும் வரை பொருள்களைத் திரும்ப அடுக்கவும் கூடாது, கதவைப் பூட்டவும் கூடாது.